சென்யோராவின் கடைசி மூன்று அத்தியாயங்கள்

சிந்துஜா என்னிடம் கேட்ட கட்டுரை இது அல்ல. மொன்றியலில் எங்கள் தமிழ்ச் சங்கத்து இளையவர்கள், ஓய்வு பெற்றவர்களின் வேலை அனுபவங்களைத் திரட்டி ஒரு மலர் போடுகிறார்கள். அவள்தான் அதற்குப் பொறுப்பு. போன மாதம் நகருக்கு வெளியே ரொக்ஸ்பரோவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவள், வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே தலைப்பையும் சொல்லிவிட்டாள்.

"அங்கிள், 'நான் எழுதிய ஸ்பானிஷ் நாவல்' எண்டு போடுவம். ஆக்கள் உடன திறந்து பாப்பினம்."

"நான் ஒரு நாவலும் எழுதேல்லைப் பிள்ளை."

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தானே சொல்லுவியள்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு தடவை எழுதி வைக்கிறேன். இதை வாசித்த பிறகும் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

என் தொழில் தட்டச்சு. ஒரு ஸ்பானிய நாவலாசிரியைக்கு அவர் சொல்லச் சொல்லத் தட்டிக் கொடுத்தேன். என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதி அதிலேயே போனது. அவர் நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருடைய கதைகளைப் படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். அவர் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவருடைய குடும்பத்துக்கு நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். நான் அவரைக் கூப்பிட்ட மாதிரியே 'சென்யோரா' என்று எழுதுகிறேன். அந்த மொழியில் பெரிய பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அது.

யாழ்ப்பாணத்துப் பையனுக்கு ஸ்பானிஷ் எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். எல்லாம் ஏஜென்சிக்காரன் செய்த உபகாரம். கனடாவுக்கு என்று காசை வாங்கியவன் என்னைப் பார்சலோனாவில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். ஊரில் தட்டச்சு வகுப்புக்குப் போயிருந்ததால், கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் ஒரு கடையில் பில் அடிக்கும் வேலை கிடைத்தது. மொழி தெரியாமலே எழுத்துகளை அடித்தேன், பிறகு மொழியும் ஒட்டிக்கொண்டது. சில வருடங்கள் கழித்து மொன்றியலுக்கு வந்து சேர்ந்தபோது என் ஸ்பானிஷ் இங்கே ஒருவருக்கும் தேவைப்படவில்லை. ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி தூக்கினேன்.

அங்கேதான் அவரைச் சந்தித்தேன். சிலி நாட்டுப் பையன் ஒருவனோடு நான் ஸ்பானிஷில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காயை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஒல்லியான அம்மா ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"யார் உங்களுக்கு இந்தத் துறைமுகத்து ஸ்பானிஷைக் கற்றுத் தந்தது?"

"துறைமுகம்தான், சென்யோரா."

"தட்டச்சு தெரியுமா?"

தெரியும் என்றேன். அந்த வாரமே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த அவர் வீட்டுக்கு பஸ் ஏறிப் போனேன். அவருடைய கணவர் அங்கே உள்ள விவசாயப் பல்கலைக்கழகத்தில் மண் ஆராய்ச்சி செய்தவர், கியூபெக்காரர். அவர் இறந்த பிறகும் சென்யோரா அந்தக் கால்வாய்க் கரை வீட்டை விட்டுப் போகவில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கி, பேனை பிடிக்க முடியாமல் இருந்தார்.

வேலைக்கு எடுக்க அவர் ஒரு பரீட்சை வைத்தார். ஒரு பக்கத்தை வாயால் சொன்னார். தொடக்கத்தில் நீலச் சட்டை போட்டிருந்த பெண், பக்கம் முடியும்போது பச்சைச் சட்டையோடு வெளியே போனாள். நான் அதை அப்படியே அடித்துக் கொடுத்தேன்.

"சட்டை நிறம் மாறியிருக்கிறது. கவனிக்கவில்லையா?"

"கவனித்தேன்."

"ஏன் திருத்தவில்லை?"

"அது உங்கள் கதை."

எனக்கு முன்னால் வந்தவர்கள், இலக்கியம் படித்தவர்கள், எல்லோரும் அதை நீலமாகத் திருத்திக் கொடுத்தார்களாம். மறுநாள் நேரத்துக்கு வரச் சொன்னார்.

எங்கள் வேலைமுறையை இந்தத் தொழிலில் இப்போது இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். சிந்துஜாவின் அலுவலகத்தில் பேசப் பேசக் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்கிறதாம். சென்யோராவின் வீட்டில் ஒரு டேப் ரெக்கோர்டர்கூடக் கிடையாது. அவருடைய அப்பா சிறு நகரத்துப் பள்ளி ஆசிரியர். சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் அவர் வீட்டுக்குள் பேசியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பொலீசுக்குச் சொல்லிக் கொடுத்தார். விசாரணையில் அவருடைய வார்த்தைகளை அவருக்கே வாசித்துக் காட்டி உள்ளே போட்டார்கள். "பேசியதை அப்படியே பிடித்து வைப்பது பொலீஸ் வேலை. நாங்கள் மாற்றி மாற்றி எழுதுகிறவர்கள்" என்பார் சென்யோரா. அவருடைய முதல் நாவலை அவர் நாட்டில் தடை செய்தார்கள். அது மெக்சிகோவில் அச்சாகி, வெங்காய மூட்டைக்குள் ஒளிந்து ஊருக்குப் போனது. அதன் பிறகு அவரால் அங்கே இருக்க முடியவில்லை. பாரிஸ் போனார், கல்யாணம் கட்டினார், இங்கே வந்தார்.

காலையில் அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவார். கையில் ஒரு கைத்தடி. நடக்க அது தேவையில்லை, எழுதத்தான் தேவை. ஒரு தட்டு என்றால் காற்புள்ளி, இரண்டு தட்டு என்றால் முற்றுப்புள்ளி. தரையில் நீளமாக உரசினால் புதிய பத்தி. வாய் கதையை மட்டும்தான் சொல்லும். மத்தியானம் சாப்பிட்ட பிறகு, அடித்ததை நான் உரக்க வாசிக்க வேண்டும். பிடிக்காத சொல் வந்தால் தடி தரையில் ஓங்கி இடிக்கும். என்ன பிழை என்று சொல்லமாட்டார். அடுத்த சொல்லைத் தானே தேடுவார். கிடைக்கும் வரை நான் விரலைத் தூக்கிக்கொண்டு இருக்க வேண்டும்.

நல்ல மனுசி என்று சொல்ல முடியாது. பாராட்டு என்பது அவர் வாயில் வராது. பனிப்புயலில் பஸ் நின்று நான் தாமதமாகப் போனால், மன்னிப்புக் கேட்டு முடிக்கும் முன்பே வசனத்தைத் தொடங்கிவிடுவார். என் ஊரில் சண்டை உச்சத்தில் இருந்த காலத்திலும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்து ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், இவ்வளவு கதை எழுதுகிறவர் ஏன் என் கதையைக் கேட்பதில்லை என்று.

"சொன்னால் நான் திருடிவிடுவேன்" என்றார். "எனக்கு என்னைத் தெரியும். அதை நீங்களே வைத்திருங்கள்."

அதன் பிறகு அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை வேறு மாதிரி ஆகிவிட்டது.

அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. கலியாண வீடுகளில் என்ன வேலை என்று கேட்பார்கள். ஒரு ஸ்பானிஷ் அம்மாவுக்கு டைப் பண்ணுகிறேன் என்றால், "அதுவும் ஒரு வேலையோ" என்று பேச்சை மாற்றுவார்கள். பலர் நான் கிழவியைக் குளிப்பாட்டுகிறேன் என்றே நினைத்திருந்தார்கள். பிறகு ஸ்பெயினின் மிகப் பெரிய இலக்கியப் பரிசு சென்யோராவுக்குக் கிடைத்தது. மாட்ரிட்டிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் சென்ட்-ஆனுக்கு வந்து இறங்கினார்கள். தெருமுனை டெப்பனர்க் கடைக்காரர் என்னைப் பிடித்து, "இந்த மதாம் யார்? இத்தனை வருசமாக என்னிடம் பால் மட்டும்தானே வாங்கினார்" என்று கேட்டார். சென்யோராவின் அண்ணன் மகன் அன்ட்ரேஸும் முதல் தடவையாக வந்தார். பிள்ளை இல்லாத சென்யோராவுக்கு அவர்தான் நெருங்கிய சொந்தம். வந்தவர்களிடம் என்னை "வீட்டு உதவியாளர்" என்று அறிமுகப்படுத்தினார். சென்யோராவின் தடி இடித்தது. "செயலாளர்" என்று அன்ட்ரேஸ் திருத்திக்கொண்டார்.

அடுத்த நாவல் பாதியைத் தாண்டி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சென்யோராவுக்குப் பக்கவாதம் வந்தது.

கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு சிறு நகரத்து மருந்துக் கடைக்காரர், தன் சொந்தத் தம்பியைப் பொலீசுக்குக் காட்டிக் கொடுத்தவர். தம்பி சிறைக்குப் போகிறான். அண்ணன் கடையை வளர்த்து, ஊரில் பெரிய மனிதராகிறார். தம்பி விடுதலையாகிவிட்டான் என்று செய்தி வருகிறது. அந்த இடத்தில் நின்றது. மிச்சம் மூன்று அத்தியாயங்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார். என்ன நடக்கும் என்று சொல்லவில்லை, எந்த நாவலுக்கும் அவர் அப்படி முன்கூட்டிச் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு வலப்பக்கம் அசையவில்லை. பேச்சு முழுவதும் போய்விட்டது. எழுதவும் முடியாது, எழுத்துப் பலகையைக் காட்டினாலும் எழுத்துகள் குழம்பின. ஆனால் சொல்கிறதெல்லாம் அவருக்கு விளங்கியது. நான் பார்க்கப் போன அன்று இடக்கையால் மேசைப் பக்கம் காட்டினார். கம்ப்யூட்டரைத் திறந்து, நின்றுபோன வசனத்தை வாசித்தேன். கையை நீட்டினார். தடியைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அப்படித்தான் அது தொடங்கியது. நான் ஒரு சொல் சொல்வேன். வேண்டாம் என்றால் இடி. சரி என்றால் இரண்டு தட்டு. அருகில் வந்துவிட்டேன், இன்னும் தேடு என்றால் ஒரு தட்டு. யார் வருகிறார்கள், மனைவியா, பொலீஸ்காரனா, தம்பியா? எங்கே வருகிறார், வீட்டுக்கா, கடைக்கா? கதவைத் தட்டுகிறாரா, திறந்துகொண்டு வருகிறாரா? ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு வசனம் கிடைத்தால் அது நல்ல நாள். ஒன்றும் கிடைக்காமல் நான் பஸ் ஏறிய நாட்கள்தான் கூட.

தம்பி கடைக்குள் வந்துவிட்டான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அண்ணன். தம்பி ஏதோ கேட்கிறான். என்ன கேட்கிறான்?

நான் 'நியாயம்' என்றேன். இடித்தார். 'ஏன் செய்தாய்' என்று கேட்கிறானா? இடித்தார். அம்மாவைப் பற்றி? தண்ணீர்? தன் பங்கை? எல்லாவற்றுக்கும் இடி. நாட்கணக்கில் அந்தத் தம்பி கவுண்டருக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றான். எனக்குத் தெரிந்த சோகமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். எங்கள் ஊரில் காட்டிக் கொடுக்கப்பட்டுத் திரும்பி வந்தவர்கள் கேட்டதையெல்லாம் சொன்னேன். சென்யோரா கோபத்தில் அழுதார். நானும் எரிச்சலில், "மருந்துக் கடையில் வேறு என்னதான் கேட்பான், மருந்தையா கேட்பான்?" என்று கத்திவிட்டேன்.

ஒரு தட்டு.

தலைவலி மருந்து, காய மருந்து, நித்திரை மருந்து என்று போய், இருமல் மருந்தில் இரண்டு தட்டு விழுந்தது. அவ்வளவு வருடம் கழித்து வந்த தம்பி, அண்ணனிடம் இருமல் மருந்து கேட்கிறான். சென்யோராவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. நான் உடனே அதை அடித்தேன்.

கடைசி வசனத்துக்கு ஒரு குளிர்காலம் முழுதும் எடுத்தது. அண்ணன் போத்தலைக் கடதாசியில் சுற்றிக் கொடுக்கிறார். தம்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. "மூடியைத் திறந்து தாருங்கள், என் விரல்கள் மடங்காது" என்கிறான். சிறையில் அந்த விரல்களுக்கு என்ன நடந்தது என்று கதை சொல்லாது. அண்ணன் மூடியைத் திறக்கிறார். அதோடு நாவல் முடிகிறது.

அதை நான் எழுதினேன் என்கிறீர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். என்னை விட்டிருந்தால் அந்தத் தம்பி கவுண்டரில் நின்று ஒப்பாரி வைத்திருப்பான். அந்த மூடியை யோசிக்கிற மூளை எனக்கு இல்லை, சென்யோராவுக்குத்தான் இருந்தது. வாய் போன பிறகும், கை போன பிறகும் இருந்தது.

புத்தகம் வந்தது, கொண்டாடினார்கள். ஒருநாள் சிந்துஜாவின் அப்பா குணம் வீட்டுக்கு வந்திருந்தபோது, தேத்தண்ணி குடித்துக்கொண்டே எப்படி வேலை செய்தோம் என்று சொன்னேன். குணம் சங்கச் செயலாளர். நல்ல மனிதர், ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிறவர்.

"பொறுங்கோ பரமண்ணை. சொல்லெல்லாம் நீங்கள் சொன்னியள். அவ தடியால தட்டினவ. அப்ப எழுதினது ஆர்?"

"அவதான்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. தட்டுறதும் ஒரு எழுத்தோ?"

நான் விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினார். அந்த வருட ஆண்டு விழாவுக்குப் போனால், என் பெயரை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். 'ஸ்பானிய இலக்கியத்தை வென்ற ஈழத்தமிழன்' என்று விழா மலரில் என் படம். கடைசி மூன்று அத்தியாயங்களையும் எழுதியவர் நம்மவரே என்று குணத்தின் கட்டுரை. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "நான் எழுதவில்லை, அந்த அம்மாதான் எழுதினார்" என்றேன். சபை எழுந்து நின்று கைதட்டியது. "பாருங்கோ, என்ன தன்னடக்கம்!" என்றார் குணம் அடுத்த ஒலிவாங்கியில். நான் மறுக்க மறுக்கக் கைதட்டல் கூடியது. எங்கள் ஆட்களிடம் ஒன்றை இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. இல்லை என்பது ஓம் என்பதன் மரியாதையான வடிவம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போது சிந்துஜா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கட்டுரையைப் பெருமையோடு பிரெஞ்சில் மாற்றி, படத்தோடு இணையத்தில் போட்டாள். கெட்ட எண்ணம் கிடையாது. அது கைமாறிக் கைமாறி மாட்ரிட் பத்திரிகை வரைக்கும் போனது. சென்யோராவின் நாவலை எழுதியது அவருடைய அகதித் தட்டச்சுக்காரர் என்று அங்கே செய்தி வந்தது.

அன்ட்ரேஸும் பதிப்பகம் இங்கே அமர்த்திய பிரெஞ்சு வக்கீலம்மாவும் சென்ட்-ஆன் வீட்டுக்கு வந்தார்கள். சென்யோரா சக்கர நாற்காலியில், மடியில் கைத்தடி. வக்கீல் என் பொன்னாடைப் படத்தை மேசையில் வைத்தார்.

"இது நீங்கள்தானே, முசியே? எதற்காக இந்தச் சால்வை?"

"நான் எழுதியதாக அவர்கள் நினைத்துவிட்டார்கள்."

"நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள்."

மேடையில் பெரியவர் ஒருவர் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி எறிய முடியாது என்பதை ஒரு பிரெஞ்சு வக்கீலுக்கு எப்படிச் சொல்வது? மறுத்துப் பேசினேன் என்றேன். அதற்குச் சாட்சி இருக்கிறதா என்றார். சபை முழுக்கச் சாட்சி, ஆனால் எல்லோரும் நான் அடக்கமாகப் பேசியதற்குத்தான் சாட்சி. சென்யோராவோடு வேலை செய்ததற்குப் பதிவு ஏதும் உண்டா என்றார். அந்த வீட்டில் ரெக்கோர்டர் கிடையாது என்றேன்.

"அவரே இருக்கிறார், செய்து காட்டுகிறோம்" என்று சொல்லி, கடைசி அத்தியாயத்தை எடுத்து வாசித்தேன். வேண்டுமென்றே இருமல் மருந்தைக் காய்ச்சல் மருந்து என்று மாற்றினேன். தடி தரையில் ஓங்கி இடித்தது. வக்கீல் திடுக்கிட்டுப் போனார். "பாருங்கள்!" என்றேன். சென்யோரா மறுபடியும் இடித்தார், மறுபடியும் இடித்தார்.

"அத்தைக்குப் படபடப்பு வருகிறது. டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்றார் அன்ட்ரேஸ். எழுந்து வந்து, மெதுவாக, அன்பாகத்தான், விரல்களைப் பிரித்துத் தடியை எடுத்துக் கதவோரம் சாத்தினார். குனிந்து அவர் நெற்றியில் முத்தமும் கொடுத்தார்.

சென்யோரா தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இடக்கையை மடக்கி நாற்காலிக் கைப்பிடியில் தட்டத் தொடங்கினார். கைப்பிடிக்குப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. நான் எழுந்து தடியை எடுக்கப் போனேன். "தயவுசெய்து உட்காருங்கள், முசியே" என்றார் வக்கீல். அவர் பேசி முடிக்கும் வரைக்கும் அந்தக் கை தட்டிக்கொண்டே இருந்தது. என்னைத் தவிர ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

அன்ட்ரேஸ் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அத்தையின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்றே நம்பினார். பேச்சுப் போன கிழவி ஒருத்தியால் நாவல் எழுத முடியும் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அந்த மூன்று அத்தியாயங்களும் இல்லாமல் புதிய பதிப்பு வந்தது. தம்பி விடுதலையானான் என்ற செய்தியோடு கதை நின்றுவிட்டது. அண்ணன் தப்பித்துக்கொண்டார். முடிக்காமல் விட்ட அந்த மௌனம்தான் எவ்வளவு துணிச்சல் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். வாசித்தபோது காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

சென்யோராவை முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தார்கள். என் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கப் போவேன். விழுந்து அடிபடாமல் இருக்க அங்கே கைத்தடி அனுமதி இல்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் வாசித்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அடுத்த வசந்தத்துக்கு முன்பு போய்விட்டார். அவர் நாட்டில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு அந்த வக்கீலம்மா எனக்கு ஒரு தடவை போன் செய்தார். அந்த மூன்று அத்தியாயங்களுக்கும் குடும்பம் உரிமை கோராது, விரும்பினால் நீங்கள் உங்கள் பெயரில் வெளியிட்டுக்கொள்ளலாம் என்றார். நியாயமாக நடந்துகொள்கிறோம் என்ற நிறைவு அவர் குரலில் இருந்தது. என் பெயரில் என்றால் வரலாம். சென்யோராவின் பெயரில் என்றால் வரவே முடியாது.

குணத்துக்குத் தலைகால் புரியாத சந்தோசம். "அண்ணை, சட்டமே சொல்லிப்போட்டுது உங்கட எண்டு. தமிழிலயும் போடுவம், நான் செலவழிக்கிறன்." இன்றைக்கும் கண்ட இடத்தில் அதையேதான் கேட்கிறார்.

என் மனைவி அப்படிப்பட்டவள் அல்ல. கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். அந்த வருடங்களில் நான் வீட்டுக்கு வந்து சோர்ந்து விழுந்ததைப் பார்த்தவள். ஒருநாள் சாப்பிடும்போது அவளும் சொன்னாள்.

"ஆரின்ர பேரில வந்தால் என்னப்பா? அந்தத் தம்பிக்காரன் கடைக்கு வரவேணும் எண்டுதானே அந்த மனுசி அவ்வளவு பாடுபட்டவ. உங்கட பிடிவாதத்தால அவன் வெளியிலயே நிக்கிறான்."

அவள் சொல்வது சரி என்பதுதான் எல்லாவற்றிலும் கசப்பு. என் பெயரைப் போட்டால் கதை பிழைக்கும், ஆனால் சென்யோரா எழுதவில்லை என்று நானே கையெழுத்து வைத்ததாகிவிடும். அவர் கையிலிருந்து தடியை நானும் ஒரு தடவை பிடுங்குவதாகிவிடும். என்னால் முடியாது. அந்தப் பக்கங்கள் என் மேசைக்குள் கிடக்கின்றன. நான் கண்ணை மூடிய பிறகு உங்களில் யாரோ அவற்றை எடுத்து, என் பெயரைப் பெரிதாகப் போட்டு, விழா வைத்து வெளியிடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்போது மறுத்துப் பேச நானும் இருக்கமாட்டேன்.

இதை வாசித்துவிட்டு, பரம் அங்கிளுக்கு எவ்வளவு தன்னடக்கம் என்று நீ சொல்லுவாய், சிந்துஜா. சொல்லிக்கொள். இந்தக் கட்டுரையின் கீழே மட்டும் என் பெயரைப் போடு. இதை எழுதியது நான்.